இழுக்குமான்னுதான் கேட்டோம்

"குதிரை வெச்சிருக்கற வூட்டுக்குப் போற, எதுக்கும் துணிஞ்சுக்க"ன்னு எங்கம்மா கல்யாணத்துக்கு முந்தியே சொன்னாங்க. லத்தி அள்றதையும் கொள்ளு ஊறப் போடறதையும்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஜீப் ஓட்டணும்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் டீச்சர். ஏரியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். எங்க வூட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெலம், கேழ்வரகு, துவரை, தக்காளி. அதெல்லாம் சும்மா பேருக்கு. அவரு உசுரு பூரா ஒரு வெள்ளைக் குதிரை மேலதான். பொட்டக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புன்னா அவதான் போவா, மாரியம்மன் பண்டிகைன்னா அவதான், எங்க மாதா தேருக்கு முன்னாடி நடக்கறதும் அவதான். சாமி எதுவா இருந்தா அவளுக்கென்ன, மேளச் சத்தம் கேட்டாப் போதும், கழுத்தை வளைச்சுக்கிட்டு ஆட ஆரம்பிச்சுருவா. நான் அவளை என் சக்களத்தின்னுதான் சொல்லுவேன். "என்னங்க, சக்களத்திக்குத் தண்ணி காட்டியாச்சா?"ன்னு கேப்பேன். "யாரு சக்களத்தின்னு மொதல்ல அவகிட்ட கேப்போம் டீச்சர்"ம்பாரு. கட்டுன பொண்டாட்டியை டீச்சர்னு கூப்பிடற மனுசன் வேற யாராவது உண்டா, எனக்குத் தெரியல.

கிட்டத்துல கல்யாணம்னா நடத்தியே கூட்டிட்டுப் போயிருவாரு. தூரம்னா வாடகைக்கு ஒரு மினி லாரி வரும். அதுல ஒரு நாள் அந்த டிரைவர் ஆடு குறுக்க வந்துச்சுன்னு சடார்னு பிரேக் அடிச்சுட்டான். இவ முன்னங்காலு ரெண்டும் மடிஞ்சு விழுந்து முட்டி தேஞ்சு ரத்தம். எங்க வூட்டுக்காரர் அவன் சட்டையைப் புடிச்சுட்டாரு. போதாக்குறைக்கு எங்க வூடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல இருக்குது. மழை பேஞ்சா அந்தச் செம்மண் மேட்டுல எந்த லாரியும் ஏறாது. "இனி எவன் வண்டியும் வேண்டாம். ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு பழசா வாங்கி, பின்னால ட்ரெய்லர் மாட்டி நாமளே கூட்டிட்டுப் போவோம்"னு ஒரே முடிவா சொல்லிட்டாரு. அவரு முடிவு பண்ணிட்டா, மாதாவே எறங்கி வந்தாலும் மாத்த முடியாது.

கர்நாடகா எல்லை ஓரமா தோட்டம் வெச்சிருந்த ஒரு கன்னடக்காரப் பெரியவர்கிட்ட வண்டி இருக்குதுன்னு சேதி வந்துச்சு. அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு, ஓட்ட முடியல, அதான் குடுக்கறாரு. நாங்க ரெண்டு பேரும், எங்க ஊரு மாட்டுத் தரகர் ஒருத்தரும் போனோம். ஜீப் வாங்க மாட்டுத் தரகர் எதுக்குன்னு நான் கேட்டேன். "வாங்கறதுன்னா வாங்கறதுதான், எதுவா இருந்தா என்ன"ன்னுட்டாரு எங்க வூட்டுக்காரர். அங்க போயி இவரு பண்ணுன கூத்தைப் பாக்கணுமே! குதிரைக்குச் சுழி பாக்கற மாதிரி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. பானட்டை ரெண்டு தட்டுத் தட்டுனாரு. இஞ்சினை ஓட வுட்டு, காதை வெச்சு, "மூச்சு நல்லாத்தான் வாங்குது"ன்னாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "பல்லைப் புடிச்சுப் பாக்கலியா?"ன்னு கேட்டேன். மொறைச்சாரு.

"இழுக்குமாங்க?"ன்னு பெரியவரைக் கேட்டாரு.

"சென்னாகி எளெயுத்தெ"ன்னாரு பெரியவரு. நல்லா இழுக்கும்னு அர்த்தம். பொய் இல்ல. அவரு தோட்டத்துல தண்ணி டேங்கு இழுத்த வண்டி அது. தோட்டம் பூரா சமதரை.

வாயில சொன்னா எங்காளுங்க நம்புவாங்களா? எங்க பக்கம் வண்டி மாடு புடிக்கறப்ப ஒரு வழக்கம் உண்டு. பாரம் ஏத்துன வண்டியில மாட்டைப் பூட்டி, சக்கரம் உருளாதபடி கயித்துல கட்டிட்டு இழுக்க வுடுவாங்க. மண்டி போட்டாவது இழுத்துட்டா அதுதான் மாடு. தரகர் அதையே இங்கயும் செஞ்சாரு. எரு ஏத்தி நின்ன ஒரு ட்ரெய்லரை ஜீப்புக்குப் பின்னால மாட்டி, உழுத காட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்தி, ரெண்டு சக்கரத்தையும் கயிறு போட்டுக் கட்டிட்டாரு. பெரிய கியருக்குப் பக்கத்துல குட்டியா இன்னொரு கம்பி இருந்துச்சு. "அது சின்ன கியரு, ஏத்தத்துக்கும் சேத்துக்கும்"னாரு பெரியவரு. எங்க வூட்டுக்காரர் அதைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சாரு. அடேங்கப்பா! கட்டுன சக்கரம் செம்மண்ணைக் கிழிச்சுக்கிட்டே போச்சு. வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் விசில் அடிச்சாங்க. நானும்தான் கை தட்டுனேன். தட்டுன இந்தக் கையை என்ன பண்றது இப்ப?

இழுக்குமான்னு கேட்டோம். இழுத்துச்சு. நிக்குமான்னு யாரும் கேக்கல. குதிரைக்காரர் கேக்கல, மாட்டுத் தரகர் கேக்கல, நாலு எழுத்துப் படிச்ச நானும் கேக்கல. மாடும் குதிரையும் பழகுன ஆளுங்களுக்கு நிறுத்தறதெல்லாம் ஒரு கவலையா? ஓன்னு சொன்னா நிக்கும்.

ட்ரெய்லரைப் பென்னாகரத்துல பட்டறையில சொல்லிச் செஞ்சோம். கால் வழுக்காம இருக்கப் பலகை அடிச்சு, அதுக்கு மேல ரப்பர் போட்டு, பக்கத்துக்குப் பஞ்சு வெச்சுத் தெச்ச மெத்தை. என் கல்யாணத்துக்குக்கூட அப்படி மெத்தை இல்ல. மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. அது பத்தாதுன்னு எங்க வூட்டுக்காரர் ஜீப்போட நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குனாரு. சாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஓட்டறது நான். ஏன்னா அவரு ட்ரெய்லர்ல அவ கூட நிக்கணும். குதிரையைத் தனியா ஏத்தி அனுப்பற பழக்கம் அவருகிட்ட கெடையாது; கழுத்துல ஒரு கை இருந்தாத்தான் அவளும் அடங்கி நிப்பா. எனக்கு முந்தியே காரு ஓட்டத் தெரியும், ஜீப்பும் சீக்கிரம் கைக்கு வந்துருச்சு. நல்லம்பள்ளி போனோம், தர்மபுரி போனோம். கண்ணாடியில பாத்தா அவரு தலைத்துண்டும் அவ வெள்ளைக் காதும் சேந்தாப்புல தெரியும். திரும்பி வர்றப்ப வூட்டு வாசம் புடிச்சு அவ ஒரே ரகளை பண்ணுவா. அதனால ரோட்டுலயே எறக்கி, பள்ளத்துக்கு நடத்திட்டுப் போயிருவாரு. வெறும் ட்ரெய்லரை நான் மெதுவா எறக்கிக்குவேன். அதனாலதான், அவளை ஏத்திக்கிட்டு ஒரு எறக்கம் எறங்குனா எப்படி இருக்கும்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சு.

ஒகேனக்கல் பக்கம் ஒரு கல்யாணம் வந்துச்சு. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மத்தியானமே கெளம்பிட்டோம். பென்னாகரம் தாண்டுனா ரோடு காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு எறங்கும். பஸ்ல எத்தனையோ தடவை போன ரோடுதான். நான் பிரேக்கை மிதிச்சு மிதிச்சு எறக்குனேன். அவளுக்குக் குலுங்கக் கூடாதேன்னு பதமாத்தான் மிதிச்சேன். கொஞ்ச தூரத்துல கருகற வாசம் வந்துச்சு. காட்டுல எங்கயோ தீன்னு நெனச்சேன். அடுத்த வளைவுல மிதிச்சா பிரேக் சும்மா தொளதொளன்னு உள்ள போகுது. நான் இழுக்கறதா நெனச்சுக்கிட்டு இருந்த ட்ரெய்லர் பின்னாடி இருந்து என்னைத் தள்ளுது. மாதாவே, மாதாவேன்னு கத்துறேன். பின்னால அவரு சத்தம் கேக்குது. எங்கிட்டப் பேசல, அவகிட்டப் பேசறாரு. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல"ங்கறாரு.

ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் மலை. மலைப்பக்கம் ஒடிச்சேன். ஜீப் மண்ணுல மோதி நின்னுருச்சு. ட்ரெய்லர் நிக்கல. கொக்கி பிச்சுக்கிட்டுச் சாஞ்சு விழுந்துச்சு.

அவரு புதருக்குள்ள விழுந்து, தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சதோட தப்பிச்சாரு. அவளுக்கு முன்னங்காலு போயிருச்சு. எந்திரிக்கப் பாக்குறா, முடியல, மறுபடி எந்திரிக்கப் பாக்குறா. டூரிஸ்ட் வேன்ல வந்தவனுங்க எறங்கி, போனைத் தூக்கிப் படம் புடிக்கறானுங்க. "உங்க வூட்டு எழவுல போயிப் புடிங்கடா"ன்னு கல்லைத் தூக்குனேன். புள்ளைங்க முன்னாடி வாயில கெட்ட வார்த்தை வராத டீச்சர் நான்.

பென்னாகரத்துல இருந்து கால்நடை டாக்டர் வந்தாரு. காலைத் தடவிப் பாத்தாரு, அப்புறம் எங்க வூட்டுக்காரர் மொகத்தைப் பாத்தாரு. குதிரைக்கு இந்தக் காலு ஒடிஞ்சா என்னன்னு அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு யார் யாரோ அவரைக் கூப்பிட்டாங்க. அசையல. நல்லா இருந்த ஒத்தைக் கையால அவ தலையை மடியில வெச்சுக்கிட்டு, ஊசி போட்டு அடங்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாரு. நான் அவ நெத்தியில கை வெச்சேன். மன்னிச்சுருடின்னு சொன்னேன்.

எங்க நெலத்துலயே குழி தோண்டிப் பொதைச்சோம். துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, ஆறுதல்னு நெனச்சு, "குதிரை கீழ தள்ளுனது இல்லாம குழியும் பறிச்சுதுங்கற கதையா ஆயிருச்சே"ன்னாங்க. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. குதிரை யாரைத் தள்ளுச்சு? குழி பறிச்சது நாங்க, அவளுக்கு.

பிரேக்கெல்லாம் புதுசா மாத்தி ஜீப் பட்டறையில இருந்து வந்துச்சு. அவரு அந்தப் பக்கமே போகல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். மழை பேஞ்சு எங்க மேடு பூரா செஞ்சேறு. ரோட்டு மேல நிறுத்திட்டேன், எறக்க மனசு வரல. சேத்துல வழுக்காம இருக்கட்டும்னு அந்தச் சின்ன கியரைப் போட்டேன். போட்டுட்டுப் பயந்து பயந்து எறக்குனா, வண்டி தன்னால அன்னநடை நடந்து எறங்குது! பிரேக்குல இருந்து காலை எடுத்தேன். அப்பவும் ஓடல. இஞ்சினே புடிச்சுக்கிட்டு, அடி அடியா எறக்கி, வாசல்ல கொண்டாந்து வுட்டுருச்சு.

ஸ்டீயரிங்ல தலையை வெச்சு அழுதேன். அந்தக் கம்பி அன்னிக்கு என் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. மலை எறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் ஓரம் கட்டி அதைப் போட்டிருந்தா அவ இன்னிக்கு லாயத்துல நின்னுக்கிட்டு இருப்பா. ஏத்தத்துக்குன்னு ஒருத்தரு சொன்னாரு, ஏத்தத்துக்குத்தான்னு நாங்களும் நெனச்சோம். கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்.

இதை அவருகிட்டச் சொல்லல. எப்படிச் சொல்றது? ஆசை ஆசையா தேடி வாங்குன வண்டி. அவ சாகாம இருந்திருக்கலாம்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. தலைவிதின்னு நெனச்சுக்கிட்டாவது சோறு திங்கட்டும்னு முழுங்கிட்டேன். எதையும் மறைக்கத் தெரியாத ஆளு நான். தினம் அவரு மொகத்தைப் பாக்காமயே சோத்தைப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

அப்புறம் வண்டியை வித்துரலாம்னு அவரே சொன்னாரு. நல்லம்பள்ளியில இருந்து ஒருத்தர் பாக்க வந்தாரு. அவரும் குதிரைக்காரர்தான். ஜீப்பைச் சுத்தி வந்தாரு, பானட்டைத் தட்டுனாரு. "இழுக்குமாங்க?"ன்னு கேட்டாரு. கூட வந்தவரு கையில கயிறு. சக்கரத்தைக் கட்டத்தான்.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க வூட்டுக்காரர் திண்ணையில இருந்து எந்திரிச்சு வந்து எங்கிட்டச் சாவியைக் கேட்டாரு. "கயித்த வைங்க, ஏறி உக்காருங்க"ன்னு அந்த ஆளை ஏத்திக்கிட்டு ரோடு வரைக்கும் ஏறுனாரு. மேல திருப்பி நிறுத்துனாரு. சின்ன கியரைப் போட்டாரு. அப்புறம் ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாரு. ஜீப் அவரைச் சுமந்துக்கிட்டு அடி அடியா எறங்கி வந்து நின்னுச்சு.

"இழுக்கறதெல்லாம் எந்த வண்டியும் இழுக்கும்ங்க. இதைப் பாத்துத்தான் வாங்கணும். நாங்க பாக்கல"ன்னாரு அவருகிட்ட.

அந்த ஆளு அன்னிக்கே வண்டியை எடுத்துக்கிட்டாரு. ஜீப் மேடேறி மறையற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டேன்.

"பட்டறையில இருந்து வந்த மறுவாரம். நீ பள்ளிக்கூடம் போனப்பறம் எடுத்துப் பாத்தேன்."

"இத்தனை நாளா ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

காலி லாயத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "ஓட்டுனது நீ இல்லியா டீச்சர். உங்கிட்ட எப்படிச் சொல்றது?"