சுத்தி வளைச்சு எழுதின க்வெரி

இன்னைக்கு வேங்கிக்கால்ல பஸ் ஏறினா, பக்கத்து சீட்டுல கவிதா மேடம். பழைய கம்பெனியில என்கூட வேலை பார்த்தவங்க. இப்ப காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கறாங்க.

அந்த கம்பெனியில ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்ல தகவல் தேட ரெண்டு க்வெரி மொழியில ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்துச்சு. ஒண்ணு அவங்க சிபாரிசு, இன்னொண்ணு என்னோடது. ரெண்டையும் ஓட்டிப் பார்த்து எது வேகம்னு ரிப்போர்ட் எழுதினது நான். என்னோடதுதான் ஜெயிச்சுது.

பஸ்ல மேடம் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரிங்க. பசங்களுக்கு உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் பாடம் எடுக்கறேன்."

அந்த ரிப்போர்ட்லதான் நான் ஏமாத்தியிருந்தேன்.

அவங்க மொழியில ஆர்டர்ல இருந்து நேரா கஸ்டமர் பேருக்குப் போயிடலாம். அது தெரிஞ்சே, மொத்த கஸ்டமர் லிஸ்டையும் தேடுற மாதிரி அவங்க க்வெரியை மட்டும் சுத்தி வளைச்சு எழுதினேன். லேட்டாகாம என்ன பண்ணும்?

பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

மேடம் மெதுவா, "அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுத்தாங்க வேலையை விட்டேன்"னாங்க.

மன்னிப்பு கேட்டேன்.

"என்கிட்ட இல்லீங்க. நாளைக்கு கிளாஸுக்கு வந்து பசங்ககிட்ட சொல்லுங்க"னு இறங்கிட்டாங்க.

வர்றேன்னு சொல்லிட்டேன். ஒரு கிளாஸ் முழுக்க பசங்க முன்னாடி நின்னு "நான் ஏமாத்தினேன்"னு எப்படிங்க ஆரம்பிக்கறது? அனுபவம் இருக்கறவங்க கமெண்ட்ல சொல்லுங்க. சுத்தி வளைக்காம.