பத்தாம் நம்பர் கால்

குதிகால் வெளியே நின்றது. மதினியை நினைத்தால் எனக்கு அவர் முகத்துக்கு முன்னால் அதுதான் வருகிறது. கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு செருப்புக் கடை, தீபாவளிக்கு முந்தைய வாரம், உட்கார இடமில்லாத கூட்டம். கடைக்காரர் எடுத்துப் போட்ட பெண்கள் செருப்புகளில் பெரியது எதுவோ அதற்குள் மதினி காலை நுழைத்திருந்தார். விரல்கள் வாருக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, பின்னால் குதிகால் இரண்டு விரற்கடை தரையில் கிடந்தது.

“அக்கா, லேடீஸ்ல இதுக்கு மேல வராது. ஜென்ட்ஸ் எடுத்துக்கிடுதியளா?” என்றார் கடைக்காரர்.

“எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. கூட ஒரு மீசையும் குடுப்பியளா?”

கடையே சிரித்தது. மதினியும் சிரித்தார். ஆனால் ஆண்கள் செருப்பு இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தார். பேசாத மதினியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் என் அண்ணனின் மனைவி. விளாத்திகுளத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் மிளகாயும் பருத்தியும் போட்டு, பத்து நாற்பது ஆடுகளையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தியவர். கரிசலில் சிறுவயதிலிருந்து வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் கால் நீளத்தைவிட அகலத்தில் விரிந்துவிடும். அவரைப் பெண் பார்க்கப் போனபோது, “இந்தக் கால் நம்ம வீட்ல நடந்தா தரை தேஞ்சிருமே” என்று என் அம்மா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. முப்பது வருஷமாக அதை அம்மா மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு சொல்லிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தார். அது வலித்திருக்கும் என்று எனக்கு அந்தத் தீபாவளி வரைக்கும் தோன்றவில்லை.

அப்போது எனக்கே பெரிய கவலை ஒன்று இருந்தது. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. கல்லூரியில் மகள். கையில் கொடுத்து அனுப்பிய தொகை ஏதாவது தொழிலில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கத்தான் போதும், போனால் போனதுதான். எல்லோரும் எஸ்.டி.டி. பூத் வைக்கச் சொன்னார்கள். நான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்து மஞ்சள் போர்டுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதாக என்னுடையது இருக்கட்டும் என்று இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். எல்லோரும் செய்கிற தொழிலில் பயம் குறைவு என்பது என் எண்ணம்.

மதினியிடம் சொன்னபோது அவர் மூக்கைச் சுளித்தார். “ஏற்கெனவே அம்புட்டுப் பேரு போனைத் தொடைச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ. நீங்களும் போயி ஒண்ணைத் தொடைக்கப் போறியளாக்கும்? எங்காலுக்கு ஒரு செருப்பு விக்க ஊருல ஆளு இல்ல.”

கோபத்தில் சொன்னதுதான், யோசனையாகச் சொன்னதல்ல. ஆனால் என் மண்டைக்குள் அது உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் முழுக்க, கோவில்பட்டியில் தொடங்கி எட்டயபுரம், கயத்தாறு வரை ஒவ்வொரு செருப்புக் கடையாக ஏறி, வீட்டுக்காரிக்குப் பத்தாம் நம்பர் வேண்டும் என்று கேட்டேன். ஒரு கடையிலும் இல்லை. பாதிப் பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தப் பார்வையை ஒரு பெண் எத்தனை கடையில் தாங்குவாள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

மதுரையில் செருப்புத் தயாரிக்கும் ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் அகலக் காலுக்கு அச்சாகப் புதிதாக மரக்கட்டை செதுக்க வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் ஐம்பது ஜோடிக்குக் குறைத்து எடுக்க முடியாது. விற்காததைத் திரும்ப வாங்க மாட்டார். எந்த நம்பரில் எத்தனை என்று தப்பாகச் சொன்னால் என் பணம் முழுவதும் ரப்பரும் ரெக்சினுமாக வீட்டில் அடைந்து கிடக்கும். அளந்தாக வேண்டும். ஒரு ஆம்பளை போய், “அம்மா, காலை நீட்டுங்க” என்று எந்தப் பெண்ணிடம் கேட்பது?

அந்த ஐப்பசியில் நல்ல மழை. எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. ஊரில் களையெடுக்கப் பெண்கள் போகும் வண்டிப்பாதையில், அவர்கள் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஈரக் கரிசலில் அச்சு அச்சாகக் கால்தடங்கள். குனிந்து குனிந்து அளந்தேன். நம்ப முடியவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்பதுக்கு மேல்! பதினொன்றுகூட இருந்தது. முதுகுவலியோடு நிமிர்ந்தபோது நான் பணக்காரன். மதுரைக்குப் போய் முன்பணம் கட்ட நாள் பார்த்தாயிற்று.

திரும்புகிற வழியில், சும்மா ஒரு ஆசைக்கு என் தடத்தையே அளந்தேன். ஏழாம் நம்பர் போடுகிற நான் ஒன்பதரையாக இருந்தேன். காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலைச் சுற்றி அடை அடையாகக் கரிசல் அப்பியிருந்தது. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு, நாலடி நடந்தால் அது காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பது டேப்பைக் கையில் எடுத்ததும் மறந்து போயிருக்கிறது.

மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “காலை அளங்கன்னா கரிசலை அளந்துட்டு வந்திருக்கிய, கொழுந்தனாரே!” பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. சிரிப்பை நிறுத்தி டேப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மதியச் சோற்றுக்குக் களையெடுப்பவர்கள் உடைமர நிழலில் உட்கார்ந்தபோது, என்னைத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன.

“ஏட்டி, இன்னைக்கு ஒரு போட்டி. ஆருக்குப் பெரிய காலுன்னு பாப்போம். செயிச்சவளுக்கு எங்கொழுந்தனாரு செலவுல அரைக்கிலோ சேவு.”

“பெரிய காலுக்கா பரிசு? உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா மதினி?”

“எனக்குத்தான் கெடைக்கப் போவுது, அந்தப் பொறாமை உனக்கு. நீட்டு காலை!”

சேற்றைக் கழுவிவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சேலையால் இழுத்து மூடி வைத்திருந்த கால்கள் அன்று சண்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தன. “கட்டைவிரலைச் சேத்து அள”, “நகத்தையும் கணக்குல எடு” என்று ஒரே கூச்சல். மதினி அளவைக் கத்தக் கத்த நான் எழுதிக்கொண்டேன். கடைசியில் ஒரு நெட்டைப் பெண் நூலளவில் மதினியைத் தோற்கடித்துவிட்டாள். அவள் இரண்டு காலையும் தூக்கி ஆட்டியிருக்க வேண்டும். அப்படி ஒரு குலவை. மதினி இரண்டு நாள் அந்தப் பெண்ணோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படியே பக்கத்து ஊர்களிலும் நடத்தினார். கடைசிக் கணக்கில் நாலு பேரில் ஒருத்திக்குத்தான் கடைகளில் செருப்பு இல்லை. சேற்றுக் கணக்கில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு சின்னக் கடைக்கு அது போதும். ஒன்பதில் கூடுதலாக, பத்தில் கொஞ்சம் குறைத்து, பதினொன்றே வேண்டாம் என்று மதுரையில் சொன்னேன். சேற்றை நம்பியிருந்தால் இன்றைக்கும் பதினொன்றாம் நம்பரை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்போது கடையை என் மகள் பார்க்கிறாள். அந்த முப்பத்தொரு பூத்துகளில் ஒன்றும் இல்லை. மதினியும் இல்லை. அவருக்கு நன்றி என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார்.

அந்த வருஷம் தை மாதம், பெரிய கால் பெண்களுக்கென்றே போர்டு மாட்டி, கோவில்பட்டியில் கடை திறந்தேன். ஒரு வாரம் ஒருத்தரும் ஏறவில்லை. பெண்கள் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள், பிறகு நகர்ந்துவிடுவார்கள். இந்தப் படியில் ஏறினாலே என் கால் பெரிது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. அதை எந்த டேப்பாலும் நான் அளந்திருக்கவில்லை. வாடகையையும் மகளின் படிப்பையும் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து மதினி வந்து இறங்கினார். நேரே படியேறி, பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்து மாட்டினார். குதிகால் உள்ளே இருந்தது. சும்மா கொண்டுபோங்கள் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

“எம்புட்டு?”

“நூத்திப் பத்து, மதினி.”

“நூத்திப் பத்தா? செருப்பு விக்கியளா, ஆட்டுக்குட்டி விக்கியளா?”

“மெதுவா, மதினி. ரோட்டுல கேக்கும்.”

“கேக்கட்டும்! எங்காலு பத்தாம் நம்பரு. தொண்ணூறுக்குக் குடுக்கியளா, இல்லையா?”

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  மதினியோ விலையை விடாமல், செருப்போடு கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓசை எழ நடந்தார். வாசலில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிற பெண் ஒருத்தி, கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். மதினியின் காலைப் பார்த்தாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு போட்டிருந்த ஆண்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வந்தாள்.