பிந்தாமல் வாங்கோ, இது கொலோன்

வழிகாட்டி வேலைக்கு வழி தெரிந்திருப்பது பெரிய விஷயமில்லை, பின்னால் வருகிற சனத்தைத் தொலைக்காமல் இருப்பதுதான் விஷயம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திறங்கும் சொந்தக்காரருக்கு ஊர் சுற்றிக் காட்டிக் கால் வீங்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். நீங்கள் கோடை விடுமுறையில் மட்டும் படுகிற பாட்டை நான் கிழமை தவறாமல் படுகிறேன்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனம் தமிழ் ஆட்களை நடத்திக் கூட்டிப்போக என்னை எடுத்தது. எடுத்தது என்றால், தகுதிகாண் காலத்துக்கு. என் முதலாளி உல்ரிகே ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் கூட நடந்து பார்த்து, வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வார். என்னவர் வேலை செய்யும் பொருட்கிடங்கை வருட முடிவில் மூடப்போகிறார்கள். ஆகவே எனக்கு இந்த வேலை நிலைக்கத்தான் வேண்டும். எனக்கோ நாய்க்குப் பயம், சைக்கிளுக்குப் பயம், ஜெர்மன் மொழியில் யாராவது திடீரென்று கேள்வி கேட்டால் இன்னும் பயம். பிள்ளை நித்திரையான பிறகு இதை எழுதுகிறேன், ஆகவே கொஞ்சம் துணிவாக இருக்கும்.

குந்தியிருக்கும் மனிதர்

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில், வீதியில் இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும், குரல் உயரக் கூடாது. அப்படி வளர்ந்த எனக்கு வீதியில் நின்று கத்துகிற வேலை. அதுவும் முதல் நாளே பழைய சந்தைச் சதுக்கத்தில். அங்கே ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே செம்பில் வார்த்த ஒரு மனிதர் குந்தியிருக்கிறார். காற்சட்டை இல்லை. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிக்குள் அவர் என்ன செய்கிறார் என்பதை நான் எழுத மாட்டேன். நகரசபைக்கு மக்கள் காட்டிய மரியாதை என்று ஒரு கதை உண்டு. அதை மாமிமாருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? நிலத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தேன்.

பின்வரிசையில் நின்ற, பாரிஸிலிருந்து வந்த அண்ணை ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "தங்கச்சி, நீங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுறியளோ, சுவாமியாரின்ர காதுக்குள்ள பாவசங்கீர்த்தனம் செய்யிறியளோ?"

ஒருவருமில்லாத வீதி

தென்பக்கத்து செவெரின் பகுதிக்குப் போகிற வழியில், வீதி கடக்கிற இடத்தில் ஒரு வெளிச்சக் கம்பம். நில் என்கிற சிவப்பு மனிதன் எரிகிறான். வீதியில் ஒரு வாகனமும் இல்லை. லண்டன் குழுவில் பாதிப்பேர் கடந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் நின்ற ஜெர்மன் பாட்டி ஒருவர், "பிள்ளைகள் பார்க்கிறார்கள்!" என்று சத்தம் போட்டார். அவரிடம் ஒரு குட்டை நாய் வேறு. எனக்கு இரண்டு பயமும் ஒன்றாக வந்தது. ஆனாலும் கையை விரித்து மறித்து, மிச்சப் பாதியை இந்தப் பக்கமே நிறுத்தினேன்.

பச்சை வந்து நாங்கள் போய்ச் சேரும்வரை முதலே கடந்துபோன அண்ணை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே நின்றவர்கள் முழுப்பேரும் பென்சன்காரர். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "இந்த ரோட்டில வாகனம் ஓடேல்லை பிள்ளை, சட்டம்தான் ஓடுது."

நிற்காத பந்தி

கொலோன் மதுச்சாலைகளில் பியர் சின்னச் சின்னக் கிளாஸில் வரும். கிளாஸ் வெறுமையானால், பரிமாறுகிறவர் கேளாமலே அடுத்ததை வைப்பார். போதும் என்றால், கிளாஸுக்குக் கீழே இருக்கிற மட்டையை எடுத்து மேலே வைத்து மூட வேண்டும். குடியாத எனக்கு இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்ல ஞாபகம் வரவில்லை. ஊரிலிருந்து மகளிடம் வந்திருந்த ஒரு ஐயாவுக்குக் குடிக்கக் குடிக்கக் கிளாஸ் வந்துகொண்டேயிருந்தது. அவருடைய முகம் சிவக்க, நான் ஓடிப்போய் மட்டையை வைத்தேன்.

"இதை முதலே சொல்லக்கூடாதோ? பந்தியில இலையை மடிக்கிற மாதிரித்தானே! நான் பாவம், அந்தப் பெடியன்ர மனம் நோகக்கூடாது எண்டெல்லே குடிச்சனான்" என்றார் ஐயா. அவருடைய மனைவி கைப்பையை மூடினார். "உங்கட இரக்க குணம் எனக்கு இண்டைக்குத்தான் தெரியுது."

பூட்டுப் பாலம்

ரைன் ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது கால் நடுங்கும். பாலமும் நடுங்கும், நானும் நடுங்குவேன், எது முதலில் என்று தெரியாது. லீவு நாட்களில் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய், அங்குமிங்கும் நடந்து நடந்து பழகினேன். மகள் ஒவ்வொரு ரயிலுக்கும் கை தட்டினாள். பிறகு பயப்பட எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்தக் கம்பி வேலி முழுக்கக் காதலர்கள் போட்ட பூட்டுகள். பெயரை எழுதிப் பூட்டி, திறப்பை ஆற்றில் எறிந்துவிடுவார்கள் என்று விளக்கினேன். ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா ஒருவர் ஆற்றை எட்டிப் பார்த்தார். "பிறகு சண்டை வந்தால் ஆர் சுழியோடி எடுக்கிறது?"

பேராலய வாசலில்

உல்ரிகே வந்த நாள் நவம்பர் மழை நாள். அன்று காலைதான் பிள்ளை பார்க்கிற அம்மாவுக்குக் காய்ச்சல். மகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். உல்ரிகே பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டென்மார்க்கிலிருந்து வந்த குழு, சைவமும் வேதமும், அதாவது கிறிஸ்தவமும், கலந்தது. பேராலயத்துக்குள்ளே விளக்கம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே எல்லாவற்றையும் வாசலில் நின்று, கத்தித்தான், சொல்லி முடித்துத் திரும்பினால், அத்தனை பேரும் சப்பாத்தைக் கழற்றிப் படியோரம் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஈரக் கல்லில் வெறும் காலுறைகள்.

சிவப்பு அங்கி போட்ட காவலர் வந்தார். "இவை இங்கே கிடக்க முடியாது, சனம் தடுக்கி விழும்" என்றார் தன்மையாக. உல்ரிகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். திரும்பப் போடச் சொல்லுவோம் என்று வாயெடுக்க, ஒரு மாமி என்னையே கேட்டார்: "ஊரில மடு மாதா கோயிலுக்குள்ள சப்பாத்தோட போவியளோ, பிள்ளை?" போகமாட்டேன். ஒரு நாளும் போனதில்லை. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுவண்டிக்குள் அடுக்கினேன். கடைசியாக என்னுடையதையும் கழற்றி மேலே வைத்தேன். "இனி ஒருவரும் விழமாட்டார்கள்" என்று காவலரிடம் ஜெர்மன் மொழியில் சொன்னேன். வசனம் முழுதாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டு வழி விட்டார்.

வெளியே வந்து சப்பாத்துப் பங்கிடும்போது, "என்ர இடது கால் ஆரோடயோ போயிட்டுது" என்று ஒருவர் ஒற்றைக்காலில் துள்ள, ஒரே சிரிப்பு. உல்ரிகே தானும் குனிந்து சோடி தேடிக் கொடுத்தார். பிறகு நனைந்த என் காலுறையைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வருட விளம்பரத்தாளில் நீயே எழுதிவிடு, தடித்த காலுறை கட்டாயம் என்று. குளிர்கால நடைகளும் இனி உன்னுடையவைதான்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, பயமும் நிரந்தரம்தான், இரண்டையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையும் வாசலில் நிற்பேன்.