காதுகுத்து வீட்டில் இசைத்தட்டை இழுத்தவன்

எங்கள் வட்டாரத்தில், ஓடுகிற இசைத்தட்டைக் கையால் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, அதுதான் சங்கீதம் என்று சாதித்த முதல் ஆள் நான்தான். சந்தேகம் இருப்பவர்கள் திருத்தங்கலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள், ஆனால் ஆமாம் என்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு விசிடி. விருதுநகரில் என் கூட்டாளி ஒருவன் இருந்தான், முஸ்லிம் வீட்டுப் பையன். அவனுடைய அத்தா பந்தல், பாத்திரம், மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். துபாயில் இருந்த அவனுடைய மச்சான், சட்டைத்துணியோடு சேர்த்து அந்த விசிடியை அனுப்பியிருந்தார். ஏதோ சினிமா என்று போட்டுப் பார்த்தால், நியூயார்க்கில் ஒருவன் இரண்டு இசைத்தட்டுகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

அவன் பெரிய ஆள். அவனுடைய கதையைத்தான் அந்த விசிடி சொன்னது. தாய் தகப்பன் ஏதோ ஒரு தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். தெருவில் கறுப்பினப் பையன்கள் உண்டாக்கிய ஹிப்ஹாப்பில் உனக்கென்னடா வேலை என்று ஆரம்பத்தில் அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் அப்பாவுடைய பழைய நடனத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய், விளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்டு எடுத்து, தட்டை இழுத்துக் காட்டியிருக்கிறான். அப்புறம் போட்டிகள், கோப்பைகள், ஜப்பான் வரைக்கும் போன கதை. நடுவில் அவனுடைய அம்மா சமையலறையில் நின்று அவனைப் பார்த்து ஸ்பானிஷில் கத்துகிற ஒரு காட்சி வரும். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் உருப்படுகிற வழியைப் பாருடா என்றுதான் திட்டுகிறாள் என்பது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தினமும் கேட்கிற பாட்டுதானே.

"மாப்ளே, நம்ம குடோன்லயும் ரெண்டு ரெக்கார்டு பிளேயர் கெடக்கு" என்றான் கூட்டாளி. அம்புட்டுதான். புத்தி கெட்டுப் போவதற்கு ஒரு வாக்கியம் போதும்.

அத்தாவின் குடோனில் அண்டா குண்டாக்களுக்கு மேலே, மைக் செட்காரர்கள் கேசட்டுக்கு மாறியபோது தூக்கிப் போட்ட பிளேயர்கள் இரண்டும், ஒரு மூட்டைத் தட்டுகளும் கிடந்தன. தட்டு வழுக்கிச் சுற்ற அடியில் ஏதாவது போட வேண்டும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? சிவகாசி அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் தாளை வாங்கி வந்து வட்டமாக வெட்டினோம். நான் பளபளப்பாக இருக்கிறதே என்று முருகன் படத்தில் கத்திரியை வைத்தேன். கூட்டாளி கையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, பாவம்லே! அவரு தலை சுத்திக் கீழ விழுந்தா ஒங்க ஆளுக என்னயத்தான் அடிப்பாக." பிறகு தேதித் தாளை வெட்டினோம். ஜனவரியும் பிப்ரவரியும் தட்டுக்கு அடியில் சுற்றின.

ஆறு மாதம் அந்தக் குடோனிலேயே கிடந்தேன். அத்தா ஒருநாள் எட்டிப் பார்த்து, "தட்டுல கீறல் விழுந்துருச்சாப்பா?" என்று அனுதாபத்தோடு கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பெல்லாம் விருதுநகரோடு சரி. ஆனைக்குட்டத்துப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா லோடு லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஆகவே ஆட்சி முழுக்க அம்மாவுடையது. அம்மா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"போர்மேன் அண்ணன்ட்ட சொல்லியிருக்கேன். மருந்து ரூம்லதான் ஆளு கேக்காக."

மருந்து ரூம் என்றால் வெடிமருந்து கலக்குகிற இடம். கம்பெனியில் கூலி அதிகம் அங்கேதான். அங்கே ஏன் அடிக்கடி ஆள் தேவைப்படுகிறது என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

"எம்மா, நான் டிஜே."

"என்ன எழவோ. ஞாயித்துக்கெழம போர்மேன் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அங்கன மைக் செட்டு நீதான் போடணும்னு கால்ல விழாத கொறயாக் கேட்டு வாங்கியிருக்கேன். கம்பெனி ஆளுக அம்புட்டு பேரும் வருவாக. அதுல ரெண்டு வீட்டுல இருந்து உன்னய அடுத்த விசேசத்துக்குக் கூப்பிட்டா, நீ தட்டோட போ. நான் குறுக்க வரமாட்டேன். கூப்பிடலன்னா, திங்கக்கெழம காலைல என்கூடக் கம்பெனி வேன்ல ஏறு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் பயம்தான். சனியன், அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருத்தங்கலில் ஒரு மண்டபம். பெட்டி ஸ்பீக்கர் நான்கு, குழாய் இரண்டு கட்டினோம். மண்டபம் நிறைந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பட்டாசு ஆட்கள் எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசல் ஓரமாகத்தான் உட்காருவார்கள். நடுவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். வாசல்களை ஒட்டி ஆள் மேல் ஆள் உட்கார்ந்திருக்கும். யாரும் சொல்லிச் செய்வதில்லை, தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். அறைக்குள் ‘சர்’ரென்று ஒரு சத்தம் கேட்டால், திரி பிடித்துவிட்டது என்று அர்த்தம். என்ன, எங்கே என்று பார்க்கக் கூடாது. திரும்பக் கூடாது. ஓட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? விருதுநகர் குடோனில், வெடிமருந்தைத் தொடாத வியாபாரிகளுக்கு நடுவில் பழகிய சத்தம் அது. என் மண்டையில் உறைக்கவே இல்லை.

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தினார்கள். ஆசாரி கம்பியைச் சந்தனத்தில் தொட்டார். போர்மேன் பட்டு வேட்டியில் முன்வரிசையில் நின்று, ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தலையாட்டினார். கூட்டாளி பந்திப் பக்கம் போயிருந்தான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கிராமியப் பாட்டுத் தட்டை ஓடவிட்டு, மற்றதைப் பிடித்து, அந்த ஸ்பானிஷ்காரனை மனதில் நினைத்துக்கொண்டு, ஒரே இழுப்பு.

சர்ர்ர்ர்!

கண்ணை மூடியிருந்தேன். அவனும் மூடித்தான் வாசிப்பான். சர்ர்ர், சிக், சர்ர்ர். ஜென்மத்தில் அப்படி வாசித்ததில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. ஆகா, ஜனம் ஆடுகிறது, திங்கட்கிழமை வேனுக்கு டாட்டா என்று நினைத்தேன். இன்னும் கூட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது மண்டபத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கவிழ்ந்த நாற்காலிகள், ஒற்றைச் செருப்புகள், சிந்திய சந்தனம். குழந்தையோடு தாய்மாமன் போய்விட்டான். ஆசாரி கம்பியோடு போய்விட்டார். எல்லாருக்கும் முன்னால் போனவர் போர்மேன் என்று பிற்பாடு பல பேர் சாட்சி சொன்னார்கள். பட்டு வேட்டி மட்டும் வாசலில் கிடந்தது.

அந்தக் காலி மண்டபத்தின் நடுவே ஒரே ஒரு ஆள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, உள் பக்கமாக, என்னை நோக்கி ஓடிவந்தது. அம்மா.

"எம்மா, பாட்டுமா..." என்பதற்குள் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஹெட்போன் வயர் அறுந்தது. என்னில் பாதி உருவம்தான். எப்படி இழுத்தாள் என்று தெரியவில்லை, அடுத்த நிமிஷம் ரோட்டில் கிடந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரத்தில், உள் டவுசரோடு நின்ற போர்மேன் தன் ஆட்களைத் தலையெண்ணிக்கொண்டிருந்தார். ஓடி முடித்ததும் எண்ணுவது அவர் வேலை. ஒரு தலை குறைகிறது என்று அவருக்கு முகம் வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "வந்துட்டியா தாயி" என்று அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லோரும் மண்டபத்தைப் பார்த்தார்கள். புகை இல்லை. வெடிக்கவில்லை. குழாயில் தட்டு மட்டும் தன்பாட்டுக்குக் கும்மியடித்துக்கொண்டிருந்தது. பந்திப் பக்கமிருந்து கூட்டாளி, கையில் பாதி உரித்த வாழைப்பழத்தோடு வந்து, "எல்லாரும் எங்க போயிட்டீக? ரசம் ஆறுதே" என்றான்.

போர்மேனுக்குப் புரிந்துவிட்டது. யாரோ நீட்டிய துண்டைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "கூறு கெட்ட பயலே! எம் மானத்த வாங்கிட்டியேலே! நாளைக்குக் கம்பெனிக்கு வா, அங்கன வச்சு ஒன்னய நிமித்துதேன்."

பெண்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வீடும் என்னை எதற்கும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவன் வரமாட்டாண்ணே" என்றாள் அம்மா.

"என்ன தாயி? நீதான கேட்ட?"

"நான்தான் கேட்டேன். இப்ப வேணாங்கேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சர்ருன்னு கேட்டதும் பச்சப்புள்ளயத் தூக்கிட்டு அம்புட்டு பேரும் ஓடியாந்தாக. இவன் காத அடச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்காண்ணே. இவன மருந்து ரூமுக்குள்ள விட்டா, நீங்க வெளிய தலையெண்ணும்போது எம் பிள்ள இருக்கமாட்டான்."

சிரிப்பு நின்றுவிட்டது. போர்மேன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சரி தாயி" என்றார்.

அடுத்த மாதமே ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். அந்தக் கூத்தைத் தங்கள் சொந்தக்காரர்களுக்கும் காட்ட வேண்டுமாம். அதன்பிறகு பல வருஷம், "இப்ப ஒரு சத்தம் வரும், தயவுசெஞ்சு யாரும் ஓடாதீக" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் தட்டைத் தொடுவேன். சூலக்கரைப் பக்கம், திரிச் சத்தம் அறியாத ஆபீஸ்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அதைச் சொன்னால் இவன் யாருடா பைத்தியக்காரன் என்று பார்ப்பார்கள்.

அன்றைக்கு இதெல்லாம் வரும் என்று யாருக்குத் தெரியும்? கூட்டாளி சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். அவள் இன்னும் என் காலரை விடவில்லை. இருபத்திரண்டு வயசுக்காரனை இப்படிப் பிடித்துக்கொண்டு வருவதைப் பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "பயல விடுங்கக்கா, எங்கயும் ஓடமாட்டான்" என்றார்.

"அதத்தான் சொல்லுதேன், ஓடமாட்டான்" என்றாள் அம்மா.