அக்கா பிடித்துவைத்த சீட்டு

கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் ரயில் காலியாகக் கிளம்பும். அங்கே ஏறுகிறவர்கள் கைக்குட்டை போட்டு, பின்னால் ஏறுகிறவர்களுக்கு இடம் பிடிப்பார்கள். எங்கள் லேடீஸ் பெட்டிக்கு வாட்ஸ்அப் குரூப் வந்தபிறகு அது சட்டமாகவே ஆகிவிட்டது. குரூப்பில் 'வரேன்' என்று போட்டால் சீட்டு உண்டு. குரூப்பில் இல்லாதவர்கள் நிற்க வேண்டியதுதான். இதை அநியாயம் என்று சொல்ல எங்களில் ஒரு ஆள் கிடையாது.

நான் பங்காருபேட்டையில் ஏறுவேன். எனக்கு இடம் பிடிப்பவர் பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அன்று நான் முண்டியடித்து உள்ளே வருவதற்குள் ஒரு வயதான அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆள் வராங்க, ஏந்திரிங்கம்மா" என்று அக்கா குரலை உயர்த்தினார். அந்த அம்மா எழுந்தார், நான் உட்கார்ந்தேன். தினம் நடக்கிறதுதான். எவளோ ஒருத்தி அதை வீடியோ எடுத்துத் தொலைத்தாள்.

மறுநாள் பெட்டி முழுக்க அந்த வீடியோதான். 'கன்னடத்து அம்மாவை விரட்டும் தமிழ்ப் பெண்' என்று மேலே எழுதியிருந்தது. அந்த அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. யாருக்கு வேண்டும் அது? எதிர் சீட்டிலும் பக்கத்து சீட்டிலும் அக்காவின் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரூப்பிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். அக்கா கட்டிவந்த இட்லியை வருஷக்கணக்காகத் தின்றவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடியோவைப் பார்த்திருந்த சூப்பர்வைசர் கம்பெனி கேட்டிலேயே அக்காவை நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் இல்லை என்று அந்த அம்மாவே சொல்கிற மாதிரி வீடியோ கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடிந்தது என்றார். அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

வெள்ளிக்கிழமைதான் அந்த அம்மா கண்ணில் பட்டார். கதவோரம் நின்றிருந்தார். நான் போனில் கேமராவை ஓடவிட்டேன்.

"அம்மா, சண்டை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வேலையே போவுது" என்றார் அக்கா.

"உம்மேல எனக்கு இன்னா கோவம்மா?" என்றவர், போனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "வேணாம், எடுக்காதீங்க. எனக்கு ஆஸ்பத்திரில வேலைன்னு சொல்லித்தான் பொண்ண கட்டிக் குடுத்தேன். 'பாவம், எங்க அபார்ட்மென்ட்ல பாத்ரூம் கழுவுற அம்மா'ன்னு எவனோ வீடியோக்குக் கீழ எழுதிட்டான். சம்பந்தி வூட்ல பாத்துட்டாங்க. பொண்ண கொண்டாந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்க. இன்னொரு தடவ என் மூஞ்சிய ஊருக்குக் காட்டாதீங்க."

நான் அக்காவின் காதருகே குனிந்தேன். "கோவம் இல்லன்னு சொன்னது பதிவாயிடுச்சுக்கா. அது போதும், நீங்க பொழைச்சீங்க."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, அதை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். பிறகு அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

பெங்களூர் வரை போகாமல் பாதி வழியில் மாலூரிலேயே இறங்கி, ஊர் திரும்பும் வண்டிக்காக எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனார்.