ஆலை வாசலில் கல்யாணப் பெண்

ஜுசாராவைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளா பாவம்? பிரேசிலில், அனாபோலிஸ் ஊரில், மாடு வெட்டும் தொட்டியில் கத்தி பிடித்துப் பழகியவள். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்கு வந்து, இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். ஆண்களே திணறும் தொடைக்கறியை ஊர்வம்பு பேசிக்கொண்டே பிரித்துப் போடுவாள்.

பிரேசில்காரர்களான எங்கள் எல்லோருடைய குடுமியும் ஆலையின் கையில். வேலை அனுமதித் தாளில் மேலாளர் ஃபெர்கல் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். போடாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். ஜுசாராவின் அனுமதி அந்தக் கோடையோடு முடிவதாக இருந்தது. அவள் மகள் தைனா இங்கேதான் படிக்கிறாள். எங்கள் போர்ச்சுகீசியத்தையே ஐரிஷ்காரி மாதிரி இழுத்துப் பேசுகிற பெண்ணை எங்கே கொண்டுபோய் விடுவது? ஃபெர்கலோ கேட்கும்போதெல்லாம் பல்லைக் காட்டி, "அடுத்த வாரம், ஜுசாரா, சத்தியமா" என்பான். கத்தி தீட்டுகிற நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவள் அவள்தான். அந்தக் கோபத்தில்தான் இழுத்தடித்தான்.

ஜூனில் புனித யோவான் திருநாள் வந்தது. அன்றைக்கு இந்த ஊர்க்காரர்களும் நெருப்பு மூட்டுவார்கள், நாங்களும் மூட்டுவோம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் இரண்டு கூட்டமும் ஒரே நெருப்பைச் சுற்றி நிற்கும். சோள அப்பம், சுட்ட கறி, அப்புறம் எங்கள் பொய்க் கல்யாணம். பெண் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வருவாள், மாப்பிள்ளை கம்பி நீட்டுவான், பெண்ணின் அப்பா மரத் துப்பாக்கியோடு துரத்திப் பிடித்து இழுத்து வருவார். வழுக்கைத் தலையை வைத்திருப்பதால் பாதிரியார் வேஷம் எப்போதும் எனக்கு.

"அடெல்மோ, மாப்பிள்ளைக்கு ஆள் தேடாதே. நான் பாத்து வச்சிருக்கேன்" என்றாள் ஜுசாரா.

"யாரு?"

"ஓடறதுல அவன மிஞ்ச ஆளே கிடையாது."

அந்த வருடம் பெண் வேஷம் அவளுக்கு. வருடா வருடம் கறி தின்ன வருகிற ஃபெர்கலைத்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தலையில் வைக்கோல் தொப்பியை அமுக்கினாள். ஊரே கைதட்டியது. அவனும் குஷியாகத்தான் நின்றான்.

"இந்தப் பொண்ணக் கைவிடாம வச்சுக்குவியா?" என்று கேட்டேன்.

"வச்சுக்குவேன், வச்சுக்குவேன்!"

ஜுசாரா என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல? இந்த ஆளு எனக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம்னு அல்வா குடுத்துட்டே இருக்கான். என் பர்மிட்டுல கையெழுத்துப் போடுவியா மாட்டியா? ஊர் முன்னாடி சொல்லு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிலும் கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், நிஜப் பாதிரியார். "திங்கட்கிழமை போடறேன்" என்று முணுமுணுத்தான்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, "கூத்தையெல்லாம் வேலைக்குள்ள கொண்டு வர்றியா? இனிமே வராதே" என்றான். எங்களில் சிலரே, போய் மன்னிப்புக் கேள் என்று புத்தி சொன்னார்கள்.

"ஓடிப்போனது மாப்பிள்ளை. மன்னிப்பு மட்டும் பொண்ணு கேக்கணுமா? போங்கய்யா!"

மறுநாள் காலை அதே கல்யாணப் பெண் வேஷத்தில் ஆலை வாசலில் நின்றாள். ஒட்டுப்போட்ட வெள்ளை கவுன், ஜன்னல் திரையில் முக்காடு, வயிற்றில் தலையணை, கன்னத்தில் மை வைத்த புள்ளிகள். கோஷம் இல்லை, பலகை இல்லை. மழையில் மை வழிந்தது. அடுத்த நாளும் நின்றாள், அதற்கடுத்த நாளும். லாரிக்காரர்கள் கல்யாண வண்டி மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். முடிவெட்டுகிறவன், ரொட்டிக்கடைக்காரி எல்லோரும் ஃபெர்கலிடம், "எப்போப்பா கல்யாணம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் அம்மாவே, "ஒரு பொம்பளைய மழையில நிக்க வச்சிட்டு உனக்கு எப்படிடா சோறு இறங்குது?" என்றாளாம். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒளிப்பானேன்?

கடைசியில் ஒரு காலை காரை நிறுத்தி, தாளை நீட்டினான். "போட்டாச்சு. வேஷத்தக் கலைச்சிட்டு உள்ள வா."

அவள் அவசரப்படவில்லை. முக்காட்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மடித்து கவுனுக்குள் செருகிக்கொண்டாள். பிறகு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தாள்.

"என்னோடது ஆச்சு. உங்கள்ல இன்னும் யார் யாருக்கு அடுத்த வாரம்னு சொல்லியிருக்கான்?"

ஃபெர்கலின் கண் ஒவ்வொரு முகமாக ஏறி இறங்கியது. என் அனுமதி அக்டோபரில் முடிகிறது. கையைத் தூக்கினேன்.

கவுன் எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. ஜுசாரா பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலை வாசலில் நான் நின்றேன்.