மூன்று பொருட்களும் ஒரு மஞ்சள் படிவமும்

போன புதன்கிழமை காலை, பேராதனைக்குச் சற்று முன்னால், வீதியோரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்தடி தள்ளி ஒரு மேசை. மேசையில் என்னுடைய தோள்பை. அதைச் சுற்றி ஒருவரும் இல்லை. வேண்டுமென்றே ஒருவரும் இல்லை.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்வதென்றால் எங்கள் அலுவலக மாடிப்படியில் இருந்து தொடங்க வேண்டும்.

கண்டியில் எங்களுடையது ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். மேல்மாடியில் புரோகிராம் எழுதுகிற ஆறு பேர். கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில், சப்போர்ட் பிரிவு — கணினி, வயர், பிரின்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மூன்று பேர். நடுவில் பதினான்கு படிகள். நாங்கள் கீழே இறங்குவது முறைப்பாடு சொல்ல. அவர்கள் மேலே ஏறுவது, அது எங்கள் பிழைதான் என்று சொல்ல.

இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு வசனம் இருக்கிறது. எங்களுடையது, "என்ர மெஷினில வேலை செய்யுதே." அவர்களுடையது, "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களா?" இந்த இரண்டு வசனங்களை வைத்துக்கொண்டே நிறுவனம் சில வருடங்களை ஓட்டிவிட்டது.

சப்போர்ட் பிரிவின் தலைவர் செல்வராஜ். (அது அவருடைய பெயரில்லை. இந்தப் பத்தியில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடிகாரத்தை மாற்றவில்லை.) கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். டிப்ளோமா படித்தவர். மேல்மாடியில் இருக்கிற நாங்கள் பட்டதாரிகள். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருப்பதைத்தான் கொஞ்சம் சத்தமாகச் செய்வோம்.

செல்வராஜிடம் ஒரு மஞ்சள் படிவம் உண்டு. அலுவலகத்துப் பொருள் எதையும் வாசலுக்கு வெளியே கொண்டுபோவதென்றால் அதை நிரப்ப வேண்டும். மூன்று பிரதி. பொருளின் பெயர், பொருளுக்கு ஒட்டிய இலக்கம், கொண்டுபோகிறவர், காரணம், கையெழுத்து, முத்திரை. ஒரு மவுஸுக்கும் இதுதான். சேர்வருக்கும் இதுதான்.

எங்கள் மேல்மாடியில் ருவன் என்றொருவர் இருக்கிறார். ஒருநாள் தன் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மஞ்சள் படிவம் நிரப்பிக் கீழே அனுப்பினார். பொருள்: சோறு. காரணம்: பசி. திருப்பித் தரும் திகதி: இல்லை. செல்வராஜ் அதை முழுவதும் வாசித்துவிட்டு மேலே திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'கையெழுத்து இல்லை.'

அவர் பகிடியாகச் செய்தாரா, உண்மையாகவே செய்தாரா? எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

கலஹாவுக்கு அங்காலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே கொழுந்து நிறுக்கிற தராசோடு ஒரு கணினியை இணைத்திருக்கிறோம். புரோகிராம் என்னுடையது. எட்டு மாத வேலை. ஒரு மாதமாக அந்தக் கணினி நடுவழியில் நின்று போகிறது. நிற்கும்போது, அதுவரை எடை பார்த்த கொழுந்தில் கொஞ்சம் கணக்கில் இல்லாமல் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் பழையபடி கொப்பியில் எழுதப்போவதாகத் தொழிற்சாலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

புரோகிராம் பிழை என்றார் செல்வராஜ். மின்சாரப் பிழை என்றேன் நான். மின்சாரம் போனாலும் சில நிமிடம் கணினியைத் தாங்குகிற யூபிஎஸ் பெட்டியின் பற்றரி செத்துவிட்டது என்பது என் கட்சி. போய்ப் பார்த்து மாற்றுங்கள் என்றேன். படிவம் நிரப்பித் தாருங்கள் என்றார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் அரை மணித்தியாலம் வாதிட்டோம். பற்றரி பழுது என்று எழுதினால் அவர் ஒப்பமாட்டார். புரோகிராம் பழுது என்று எழுத நான் ஒப்பமாட்டேன். கடைசியில் படிகளில் ஏறிப் போய்விட்டேன். நானே போவேன். படிவம் இல்லாமல் போவேன்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இதற்கும் போட்டேன். என் மேசை யூபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய பற்றரி. இரண்டு மீற்றர் வயர். கடிகாரம். ஸ்குரூட்ரைவர். அடையாள அட்டை. போர்டிங்கில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு. சாப்பாடு.

கடிகாரம் எதற்கு? என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற, சுவரில் செருகி வேலை செய்கிற அலாரம் கடிகாரம் அது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பன்னிரண்டில் இருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். தொழிற்சாலையில் செருகி வைத்தால் மின்சாரம் கடைசியாக எப்போது போய் வந்தது என்று அதுவே சாட்சி சொல்லும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொன்றாகச் சரி பார்த்து அடையாளம் போட்டேன். ஒன்றும் விடுபடவில்லை. பட்டியலை மொத்தமாக ஒருதரம் வாசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பற்றரி ஒரு சாதாரணப் பொருள். வயர் சாதாரணப் பொருள். அலாரம் கடிகாரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மூன்றையும் ஒரே பையில் போட்டு, யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை சொல்கிற ஒரு பெண்ணின் தோளில் மாட்டி, யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் பஸ் ஏற்றிவிட்டால் அது நான்காவது ஒரு பொருளாகிவிடுகிறது.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நடந்தோம். பெண் கொன்ஸ்டபிள் ஒருவர் என் பையைத் திறந்தார். பற்றரியை எடுத்தார். வயரை எடுத்தார். கடிகாரத்தை எடுத்தார்... எடுத்த வேகத்தைவிட மிக மெதுவாக மூன்றையும் திரும்ப உள்ளே வைத்தார்.

பஸ் போய்விட்டது. கதிரை தந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது. ஜீப் வந்தால் ஸ்டேஷனுக்கு. ஸ்டேஷனுக்குப் பிறகு என்னவென்று இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் காணும். மின்தடையைக் கடிகாரத்தால் நிரூபிக்கிற முறையை விளக்கக் காணாது. முயற்சி செய்தேன். 'நேரம்' என்ற சொல்லை நான் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது.

வயதான சார்ஜன்ட் ஒருவர் என் அலுவலக அட்டையை வாங்கிப் பார்த்தார். நிறுவனத்தின் பெயரை இரண்டாம் முறை வாசித்தார். பிறகு கேட்டார்.

"ஃபோம் எக்க கோ, மிஸ்?"

படிவம் எங்கே என்று கேட்கிறார். எந்தப் படிவம் என்றேன். மஞ்சள் படிவம் என்றார். உங்கள் ஆள் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் இந்த வழியால் வயரும் பெட்டியுமாகப் போகிறார், எப்போதும் மஞ்சள் படிவம் காட்டுவார், உங்களுடையது எங்கே?

முகாமையாளர் கொழும்பில். அவருடைய போன் வேலை செய்யவில்லை. ருவனுக்கு எடுத்தேன். உடனே வருவதாகச் சொன்னார், நல்ல மனிதர். சார்ஜன்ட் போனை வாங்கிப் பேசிவிட்டுத் திருப்பித் தந்தார். ஆள் வேண்டாமாம். தாள் வேண்டுமாம்.

ஒரே ஒரு இலக்கம்தான் மிச்சம், செல்வராஜுடையது. எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"பேக்ல என்னென்ன இருக்கு? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, மிஸ்."

பட்டியல் கையில்தான் இருந்தது. வாசித்தேன். மூன்றாவதில் நிறுத்தினார்.

"கடிகாரமா?"

"ஓம்."

"பேக் பக்கமே போகாதீங்க. வர்றேன்."

இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சார்ஜன்டிடம் போய்ச் சிங்களத்தில் பேசினார். மேல்மாடி ஆட்கள், கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிடுவார்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சார்ஜன்ட் தலையாட்டினார். தன் வீட்டிலும் அப்படியான ஆட்கள் இருக்கிற ஒருவரின் தலையாட்டல்.

பிறகு செல்வராஜ் அனுமதி கேட்டுவிட்டு மேசைக்கு நடந்தார். அதுவரை ஒருவரும் கிட்டப் போகாத பைக்குள் கையை விட்டு, தேங்காய் எடுக்கிற மாதிரிக் கடிகாரத்தை எடுத்தார். சட்டைப் பையில் இருந்து வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அதன் முதுகில் ஒட்டினார். நிறுவனத்தின் பெயர், கீழே ஓர் இலக்கம். பற்றரியில் ஏற்கெனவே இருந்தது. இப்போது கடிகாரத்திலும் இருந்தது. பிறகு அவர் நீட்டிய மஞ்சள் படிவத்தில் எல்லாம் அவர் கைப்பட நிரம்பியிருந்தது — இரண்டு கட்டங்களைத் தவிர.

"கையெழுத்து. அப்புறம் காரணம்."

டெஸ்ட் என்று எழுதினேன்.

"டெஸ்ட்னா போதாதுங்க மிஸ். என்ன டெஸ்ட்?"

பற்றரி பழுதா என்று பார்க்க, என்று சேர்த்தேன்.

"அது மட்டுந்தானா?"

வெயில் ஏறிவிட்டது. ஜீப் எந்த நேரமும் வரலாம். என் சுதந்திரம் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. அந்த நிலையிலும் நான் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். முழுதாக அரை நிமிடம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: 'அல்லது புரோகிராமில் பிழையா என்று பார்க்க.'

சார்ஜன்ட் அதை வாசிக்கவேயில்லை. முத்திரையை மட்டும் பார்த்தார். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, ஜீப் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பையை என்னிடம் தந்தது அதே பெண் கொன்ஸ்டபிள். இந்த முறை ஒற்றைக் கையால்.

அடுத்த கலஹா பஸ்ஸுக்காக நின்றபோது எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், இந்தப் படிவத்தை ஆர் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"நான்தான் அடிச்சேன். நாலு வருசம் முன்னாடி ஒரு கேபிள் ரோலோட போனேன், மிஸ். ரெண்டு நாள் உள்ள வச்சிருந்தாங்க. வெளிய வந்ததும் மொத வேலை இதுதான்."

"ஏன் எங்களுக்கு இதை முதலே சொல்லேல்ல?"

"கீழ எழுதியிருக்குதே."

பார்த்தேன். படிவத்தின் அடியில், சிறிய எழுத்தில், மூன்று மொழியிலும் இருந்தது. 'உங்கள் பாதுகாப்புக்காக: சோதனைச் சாவடிகளில் இதைக் காட்டவும்.' சப்போர்ட் பிரிவின் அதிகாரத் திமிர் என்று நாங்கள் இத்தனை நாள் சிரித்த தாள்.

பாவனையாளர்கள் திரையில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை — இது எங்கள் மேல்மாடியின் நிரந்தர முறைப்பாடு. எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்! தெளிவாக எழுதி வைத்திருக்கிறோம், வாசிக்காமல் ஓகே அழுத்துகிறார்கள், பிறகு எங்களைக் குறை சொல்கிறார்கள்... இனிச் சொல்வதற்குக் கொஞ்ச நாள் போகும்.

தொழிற்சாலைக்கு இரண்டு பேருமே போனோம். நான் பஸ்ஸில், அவர் மோட்டார் சைக்கிளில். பின்னேரத்துக்குள் கடிகாரம் நான்கு முறை பன்னிரண்டுக்குப் போனது. யூபிஎஸ் பற்றரி செத்துத்தான் இருந்தது. என் புரோகிராமும், ஒவ்வொரு நிறுவையையும் உடனுக்குடன் சேமிக்காமல் பத்துப் பத்தாகச் சேர்த்து வைத்திருந்துதான் சேமித்தது. மின்சாரம் போனால் அந்தப் பத்தும் போய்விடும். இரண்டு தரப்பும் தோற்றோம். அலுவலகங்களில் இதற்குச் சமாதானம் என்று பெயர்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் திருத்திவிட்டோம். கொப்பிக்குத் திரும்பிப் போகவில்லை. மஞ்சள் படிவப் புத்தகம் ஒன்று இப்போது மேல்மாடியில், என் மேசையில் இருக்கிறது. ருவன் கூட கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கடிகாரம் என் சொந்தக் கடிகாரம், ஸ்டிக்கரைக் கழற்றலாமா என்று நேற்றுக் கீழே போய்க் கேட்டேன். செல்வராஜ் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். இலக்கம் ஏறிவிட்டதாம். ஏறினால் இறக்க வழியில்லையாம். வேண்டுமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், படிவம் நிரப்பினால்.

நிரப்பினேன். மூன்று பிரதி. காரணம் என்ற கட்டத்தில், 'காலை ஐந்தரைக்கு எழும்ப' என்று எழுதியிருக்கிறேன்.